கிரிவலப் பாதையில் குழந்தையோடு: பறவை பார்க்கச் சில குறிப்புகள்

திருவண்ணாமலையில் வளரும் குழந்தைக்குப் பறவைக் கதைகளுக்குக் குறைவே இல்லை. முடியைத் தேடிப் பிரம்மா அன்னமாகப் பறந்த கதை இந்த மலையின் கதை. அருணகிரிநாதர் கிளியாகி அமர்ந்தார் என்று கிளிக்கோபுரத்தைக் காட்டிச் சொல்கிறோம். முருகனுக்கு மயிலும் சேவலும் இருக்கின்றன. ஆனால் அதே கோபுரத்துப் பொந்திலிருந்து தலையை நீட்டும் பச்சைக்கிளியை நின்று பார்க்கிற பெரியவர்கள் குறைவு. குழந்தைகள் பார்த்துவிடுகிறார்கள். "சீக்கிரம் வா" என்று நாம் கையைப் பிடித்து இழுக்காமல் இருந்தால் இன்னும் நிறையப் பார்ப்பார்கள். இந்த ஊரில் குழந்தையோடு நடக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்று நினைப்பவற்றைக் கீழே தருகிறேன். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கும் இவை பயன்படும்.

1. முழுச் சுற்று வேண்டாம். கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். வேண்டுதலுக்காகச் சுற்றும் நாள் வேறு, குழந்தையோடு வேடிக்கை பார்க்கப் போகும் நாள் வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் ஐந்து வயதுக் குழந்தை பாதி வழியில் தோளில் தூங்கிவிடும். ஒரு லிங்கத்திலிருந்து அடுத்த லிங்கம் வரை, அல்லது அதில் பாதி போதும். எட்டு லிங்கங்களையும் ஒரு வருடத்தில் துண்டு துண்டாக நடந்து முடிக்கலாம். குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கே நீங்களும் நிற்க வேண்டும். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தால் மற்றக் குறிப்புகள் இல்லாமலே சமாளித்துவிடலாம்.

2. பௌர்ணமி, கார்த்திகை தீபம், தொடர் விடுமுறை நாட்களைத் தவிருங்கள். அந்தக் கூட்டத்தில் குழந்தையின் கையை விடாமல் இருப்பதே பெரிய வேலை. சாதாரண வார நாளில், விடிந்ததிலிருந்து எட்டு மணி வரையும் மாலை நாலரைக்கு மேலும் நல்ல நேரம். பத்து மணிக்குப் பிறகு பறவைகளும் நிழலுக்குப் போய்விடும், பாதையும் சுடும். கிரிவலம் வெறுங்காலோடு நடப்பதுதான் வழக்கம் என்றாலும் சித்திரை, வைகாசியில் குழந்தைக்குச் செருப்பு இருக்கட்டும்.

3. முதல் பாடத்துக்கு வீட்டு மாடியை விட்டு எங்கும் போக வேண்டாம். காக்கைக்குச் சோறு வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. ஆயா சோறு வைக்கும்போது குழந்தையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கழுத்து சாம்பல் நிறத்தில் இருந்தால் அது ஊர்க்காகம். உடல் முழுக்கக் கறுப்பாக, அலகு தடித்து இருந்தால் அண்டங்காக்கை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு ஒரு பறவையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது பிடிபட்டுவிட்டது. கோடையில் காகம் ஒரு கறுப்புக் குயிலை விரட்டுவதையும் பார்க்கலாம். ஆண்குயில் அப்படிக் கவனத்தை இழுக்கும் வேளையில் பெண்குயில் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிடுவது உண்டு. பெண்குயில் கறுப்பு அல்ல. பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். குயில் என்றால் கறுப்பு என்று படித்த பெரியவர்களுக்கே இது புதிதாக இருக்கும்.

4. பெயரை உடனே சொல்லிவிடாதீர்கள். "அம்மா, அது என்ன குருவி?" என்று கேட்டால், நீங்கள் திருப்பிக் கேளுங்கள். சிட்டுக்குருவியை விடப் பெரிசா? மைனாவை விடச் சின்னதா? வால் எப்படி இருக்கு? தரையில் தத்திப் போகுதா, நடந்து போகுதா? மைனா நடக்கும், சிட்டுக்குருவி தத்தும். பெயரைச் சொன்ன கணமே பல குழந்தைகள் பறவையிலிருந்து கண்ணை எடுத்துவிடுகிறார்கள் என்பது நான் கண்டது. பெயர் ஐந்து நிமிடம் கழித்து வந்தால் அந்த ஐந்து நிமிடமும் குழந்தை பறவையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

5. தெரியாவிட்டால் "தெரியல, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். வாயில் வந்த பெயரைச் சொல்ல வேண்டாம்.

6. கோயிலுக்குப் போகும் நாளில் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி ராஜகோபுரத்துக்கு எதிரே நில்லுங்கள். 1516-இல் கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கிய இந்தக் கோபுரம் 11 நிலைகளோடு 217 அடி உயரம். சுதைச் சிற்பங்களுக்கு இடையே மாடப்புறாவும் கிளியும் இடம் பிடித்திருக்கும். மாலையில் கோபுரத்தைச் சுற்றிச் சிறிய கரிய பறவைகள் கீச்சிட்டபடி வேகமாக வட்டமடித்தால் அவை உழவாரன்கள். அவை கம்பியில் உட்காரவே மாட்டா. அவற்றின் கால்கள் சுவரைப் பற்றித் தொங்குவதற்கு அமைந்தவை. "அது எங்கே உட்காருது, கண்டுபிடி" என்று ஒரு குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள், கால் மணி நேரம் அசையாது.

பழைய கோபுரங்களின் இடுக்கில் முளைத்திருக்கும் அரசங்கன்றையும் காட்டுங்கள். அதை அங்கே யாரும் நடவில்லை. பழத்தைத் தின்ற பறவையின் எச்சத்தில் வந்த விதை அது. வேர் விட்டால் கல்லையும் சுதையையும் பிளந்துவிடும் என்பதால்தான் உழவாரப்பணி செய்பவர்கள் அதைப் பிடுங்குகிறார்கள். பறவைக்கும் மரத்துக்கும் கட்டடத்துக்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாகக் காட்ட ஓர் இடம் கிடைக்காது.

7. ரமணாசிரமத்தில் மயிலைக் கிட்டத்தில் பார்க்கலாம். கூரையிலும் மதிலிலும் அவை பழகித் திரிகின்றன. பழகியிருக்கின்றன என்பதற்காகத் துரத்தவோ இறகைப் பிடித்து இழுக்கவோ விடக் கூடாது. அமைதி காக்க வேண்டிய இடம் அது என்பதை வாசலிலேயே குழந்தையிடம் சொல்லி அழைத்துப் போங்கள். தோகை நீளமாக இருக்கும் ஆண்மயிலுக்கு இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தோகை உதிர்ந்துவிடும். பிறகு மறுபடி வளரும். உதிர்ந்த மாதங்களில் போனால் "மயிலுக்கு என்னம்மா ஆச்சு?" என்ற கேள்வி நிச்சயம் வரும்.

இந்த ஆசிரமத்தில் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டியது இன்னொன்றும் உண்டு. 1948-இல் இறந்த லட்சுமி என்ற பசுவுக்கு இங்கே சமாதி இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு மான், ஒரு காகம், ஒரு நாய் ஆகியவற்றுக்கும் சமாதிகள் இருக்கின்றன. ரமணர் அணில்களுக்குத் தன் கையால் முந்திரிப் பருப்பு கொடுத்தவர். 1947-இல் பரோடாவிலிருந்து ஒரு வெள்ளை மயில் அவருக்கு அன்பளிப்பாக வந்தது. காகத்துக்கும் சமாதி கட்டிய இடம் என்று சொன்னால் குழந்தைகளுக்கு அந்த இடம் மறக்காது.

8. ஆசிரமத்தின் பின்புறமிருந்து ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் கற்பாதை நிழலானது. ரமணர் 1916 முதல் 1922 வரை வாழ்ந்த இடம் அது. வழியில் ஓரிடத்தில் ஊரும் கோபுரங்களும் கீழே தெரியும். பருந்தை எப்போதும் அண்ணாந்தே பார்த்துப் பழகிய குழந்தை, அங்கே அது தன் காலுக்குக் கீழே பறப்பதையும் அதன் முதுகையும் பார்க்கலாம். போவதற்கு முன் நேரக் கட்டுப்பாட்டை ஆசிரமத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மலையின் மற்றப் பகுதிகளிலும் காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகளிலும் ஏற வனத்துறையின் தடை உண்டு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் மலைச்சரிவு மண் வீடுகள் மேல் விழுந்து ஏழு பேர் இறந்ததை ஊர் மறக்கவில்லை. மழை நாளில் குழந்தையோடு மலைப்பக்கம் போகவே வேண்டாம்.

9. ஆலோ அரசோ பழுத்திருந்தால் நடையை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மரத்தடியில் ஒரு துண்டை விரித்து உட்காருங்கள். மைனா, குயில், கொண்டைக்குருவி, கிளி என்று ஒவ்வொன்றாக வரும். அதிர்ஷ்டம் இருந்தால் பச்சைப்புறாக் கூட்டமும் வரும். இலையோடு இலையாக இருப்பதால் அசைந்தால்தான் தெரியும். பாத்திரக்கடையில் செம்பைத் தட்டுவது போல "டொங்க், டொங்க்" என்று ஒரே சீராகக் கேட்டால் அது குக்குறுவான். பச்சை உடல், நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, அளவு சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெரிது. இவ்வளவு சின்னப் பறவையா இத்தனை சத்தம் போடுகிறது என்று குழந்தை வியக்கும். மரத்தைக் கிளை கிளையாகத் தேடாமல், காய்ந்த உச்சிக் கொம்புகளை முதலில் பாருங்கள்.

10. கண்ணை மூடிக் கேட்கும் விளையாட்டு. ஒரு நிமிடம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, கேட்கும் ஒவ்வொரு புதுச் சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். பஸ் ஹாரனும் கணக்கில் வரட்டும். பிறகு எது பறவை, எது அணில் என்று பிரியுங்கள். அணிலின் "கிச் கிச்" சத்தத்தைப் பறவை என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். "ஊப், ஊப், ஊப்" என்று புதருக்குள் கேட்பது செம்போத்து. ஏழெட்டுப் பறவைகள் சருகைக் கிளறியபடி ஓயாமல் சண்டை பிடித்தால் தவிட்டுக்குருவிகள்.

11. கையில் தின்பண்டம் வேண்டாம். குரங்குகள் இருக்கும் பாதை இது. பிளாஸ்டிக் கவரின் சரசரப்பே அவற்றை அழைத்துவிடும். பையில் வைத்து ஜிப் போடுங்கள். குரங்கு எதிரே வந்தால் ஓடக் கூடாது, பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாது, குழந்தையை உங்கள் பின்னால் நிறுத்திக்கொண்டு மெதுவாக விலகுங்கள். இரக்கப்பட்டு வாழைப்பழம் கொடுப்பவர்களைக் குழந்தை காட்டினால், "அதுக்குக் காட்டில் பழம் இருக்கு" என்று சொல்லுங்கள். பாதையோரம் கையேந்திப் பழகிய குரங்குதான் வண்டியில் அடிபடுகிறது.

12. செங்கம் சாலையை விட்டுக் கிரிவலப் பாதை திரும்பியபின் வலப்பக்கம் காப்புக்காடு வரும். விடியற்காலையில் புள்ளிமான்கள் வேலி ஓரம் வரை வருவது உண்டு. சாலையில் நின்றே பாருங்கள். நாய்கள் மானைத் துரத்துவதைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அன்னதானம் வாங்கிச் சாப்பிட்ட தட்டு, கவர், தண்ணீர்ப் பாட்டில் எதுவும் காட்டுப் பக்கம் விழக் கூடாது. உப்பும் சோற்று வாசனையும் உள்ள கவரை மான் அப்படியே விழுங்கிவிடும். குழந்தையின் பையில் ஒரு துணிப்பையை "குப்பைப் பை" என்று வைத்துக் கொடுங்கள். தன் குப்பையைத் தானே வீட்டுக்குச் சுமந்து வருவதில் குழந்தைகளுக்கு உற்சாகம் உண்டு.

காய்ந்த புல் பக்கத்தில் கற்பூரம் கொளுத்த வேண்டாம். இந்த மலையில் எலுமிச்சை மணம் வீசும் உயரமான புல் நிறைய உண்டு. கோடையில் பொறி பட்டால் சரிவு முழுவதும் ஓடிவிடும். பல ஆண்டுகளாக வனத்துறையோடு சேர்ந்து தி ஃபாரஸ்ட் வே போன்ற அமைப்பினர் இங்கே மரம் நடுகிறார்கள், தீ பரவாமல் இருக்கப் புல்லை வெட்டிக் கோடு போடுகிறார்கள். பாதையிலிருந்து சரிவைப் பார்த்தால் பசுமை கூடிய இடங்கள் கண்ணுக்குத் தெரியும். "இதெல்லாம் மனுஷங்க நட்டது" என்று குழந்தைக்குக் காட்டுங்கள்.

13. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடத்தில் சமுத்திரம் ஏரிக் கரைக்குப் போங்கள். நீரில் முங்கி வேறொரு இடத்தில் எழும் முக்குளிப்பான் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். எங்கே எழும் என்று பந்தயம் கட்டலாம். கரையோரம் அசையாமல் நிற்கும் மடையான், பறக்கும்போது மட்டும் வெள்ளையாக மாறிவிடும். இறக்கை விரிந்ததும் உள்ளே இருந்த வெள்ளை தெரிவதுதான் காரணம். நம்மைக் கண்டதும் கத்திக்கொண்டு எழுந்து வட்டமடிப்பது ஆள்காட்டி. அது வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். முட்டையும் கல்லின் நிறத்திலேயே இருக்கும். விடாமல் கத்தினால் கூடு அருகில் இருக்கிறது என்று பொருள், வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஏரிக்கரையில் குழந்தையின் கை உங்கள் கையில் இருக்க வேண்டும். மண் எடுத்த பள்ளங்கள் நீருக்கடியில் தெரியாது.

14. பறவை ஒன்றும் கிடைக்காத நாளில் கீழே பாருங்கள். மண்டபத்து ஓரம், மழை படாத நுண்மணலில், சின்னச் சின்னப் புனல்களாகக் குழிகள் இருந்தால் அவற்றின் அடியில் குழியானை. ஒரு புல்லால் ஓரத்து மணலை மெல்லத் தட்டிவிட்டால், எறும்பு விழுந்ததாக நினைத்து அடியிலிருந்து மணலை வீசும். இந்தப் பூச்சி வளர்ந்ததும் தும்பியின் சாயலில் இறக்கை முளைத்துப் பறந்து போகும். முதல் மழைக்குப் பிறகு தரையில் செக்கச் சிவந்த பட்டுப்பூச்சியும், தொட்டால் சுருளும் ரயில்பூச்சியும் வரும். கல்லைப் புரட்டுவது, பொந்தில் கைவிடுவது கூடாது. பாம்பும் தேளும் உள்ள மலை இது.

15. ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுத் தோட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். பச்சை முதுகு, நீல இறக்கைப் பட்டை, வயிற்றடியில் சிவப்பு, மொட்டை வால் என்று வண்ணம் கொட்டிய ஒரு பறவை சருகின் மேல் தத்திக்கொண்டிருந்தால் அது ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். வடக்கே இமயமலை அடிவாரம் வரையிலும் உள்ள காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. இரவில் பறந்து வருவதால் களைத்து வீட்டுக்குள்ளேயே விழுந்துவிடுவதும் நடக்கும். அப்போது குழந்தைகள் கூடி நின்று தொடுவது அதைக் கொன்றுவிடும். காற்றுப் போக ஓட்டை போட்ட ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, சத்தமில்லாத அறையில் விடுங்கள். தண்ணீரை வாயில் ஊற்ற வேண்டாம். தெளிந்ததும் மாலையில் மரங்களுள்ள இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துத் தள்ளி நின்றால் தானே போய்விடும். காயம் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

16. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு வேறு விஷயம். மனிதர் தொட்டால் தாய் ஏற்காது என்பது தவறான நம்பிக்கை. கூடு எட்டினால் திரும்ப வைத்துவிடுங்கள். இறகு முளைத்துத் தத்தும் குஞ்சாக இருந்தால் பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

17. ஆந்தையைப் பார்த்துப் பயப்படச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அந்தி நேரத்தில் பழைய மரப்பொந்தில் ஜோடியாக உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டும் புள்ளி ஆந்தை, எலியையும் பூச்சியையும் தின்று நமக்கு நன்மை செய்கிறது. பெரியவர்கள் "அபசகுனம்" என்று வாய் தவறிச் சொன்னதைக் குழந்தை ஆயுளுக்கும் சுமக்கும்.

18. பைக்குள் வைக்க வேண்டியவை: தண்ணீர், தொப்பி, ஒரு சின்ன நோட்டு, பென்சில், கைத்துண்டு. பைனாகுலர் இல்லாமல் ஒரு வருடம் நடக்கலாம். வாங்குவதானால் எட்டு மடங்கு பெரிதாக்கும், எடை குறைந்த ஒன்று போதும். குழந்தையின் கழுத்தை அழுத்தும் கனமான கருவி இரண்டு நாளில் அலமாரிக்குப் போய்விடும். பொம்மைக் கடைப் பைனாகுலர் காசுக்குக் கேடு.

19. நோட்டில் குழந்தையே வரையட்டும். மயிலுக்கு ஆறு கால் போட்டாலும் திருத்த வேண்டாம். தேதி, இடம், மேகமா வெயிலா என்ற மூன்றை மட்டும் நீங்கள் எழுதுங்கள். பெயர் தேட, ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய 'பறவைகள்: அறிமுகக் கையேடு' தமிழில் நல்ல துணை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளை வாசித்துக் காட்டலாம். போனில் மெர்லின் செயலி பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதை வீட்டுக்கு வந்தபின் சரிபார்க்க வையுங்கள், பாதையில் வேண்டாம். பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பது தவறு. கூட்டையும் குஞ்சையும் விட்டுவிட்டு அது எதிரியைத் தேடி அலையும்.

20. ஆயா, தாத்தாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். கரிச்சானை வலியன் என்றும் இரட்டைவால் குருவி என்றும் அவர்கள் சொல்வார்கள். எந்த ஏரியில் எந்தப் பறவை வந்தது, தூக்கணாங்குருவிக் கூடு எந்தப் பனையில் தொங்கியது என்று அவர்களுக்குத் தெரிந்தது நம் கையேட்டில் இல்லை. குழந்தையின் நடைவேகமும் அவர்களுடையதும் ஏறத்தாழ ஒன்றுதான்.

21. மாடியில் ஒரு மண்தட்டு. இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல் போட்டால் சின்னக் குருவிகளும் நின்று குடிக்கும். தினமும் நீரை மாற்றித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள், கொசு வராது. அந்த வேலையைக் குழந்தைக்கே கொடுங்கள். கம்பு, உடைத்த அரிசி போடலாம். மிக்சரும் உப்புப் பண்டமும் கூடாது.

22. தை பிறக்கும்போது பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் குடும்பமாகச் சேருங்கள். 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தமிழ்நாடு முழுவதும் நடக்கிறது. கட்டணம் எதுவும் இல்லை. ஓர் இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து, இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். மாடியிலிருந்தே செய்யலாம். ஆறு காகம், நான்கு மைனா, இரண்டு மாடப்புறா என்ற பட்டியலும் ஆராய்ச்சிக்கு வேண்டியதே. அபூர்வப் பறவை வந்தால்தான் அனுப்ப வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். எண்ணும் பொறுப்பு குழந்தைக்கு, எழுதும் பொறுப்பு உங்களுக்கு. பறக்கும் கூட்டத்தை எண்ண முதலில் பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, கூட்டம் முழுவதும் அப்படி எத்தனை பத்து என்று கணக்கிடச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த ஆண்டும் அதே மாடி, அதே நேரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.